எட்டுப் பக்க வில்லன்கள்

போன இதழில், டேர்டெவில் என்ற சூப்பர்ஹீரோவின் கதைகளில் வரும் ஸ்டில்ட்-மேன் என்ற வில்லனை வைத்து நான் எழுதிக்கொண்டிருக்கும் எட்டுப் பக்கக் காமிக்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். நீளும் உலோகக் கால்களோடு திருடப் போகிறார். பன்னிரண்டாவது மாடி உயரத்தில் காலில் எண்ணெய் கசிந்து அப்படியே நின்றுவிடுகிறார். எதிரே ஒரு ஜன்னல். உள்ளே தூக்கம் வராத ஒரு பாட்டி. விடியும்வரை இருவரும் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டதால், இந்த முறை முழுவதும் சின்ன வில்லன்களும் சின்னக் கதைகளும்தான்.

கேள்வி: ஜோக்கர், லெக்ஸ் லூதர், டாக்டர் டூம் என்று பெரிய வில்லன்கள் இருக்கும்போது, பெயரே தெரியாதவர்களைத் தேடிப்பிடித்து எழுதுவது ஏன்?

பதில்: ஜோக்கரை எழுத உட்கார்ந்தால், 1940 முதல் வந்த அத்தனை கதைகளும் என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்கின்றன. அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. புதிதாகச் சொல்ல வேண்டுமென்றால் முன்னால் வந்ததைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

போல்கா-டாட் மேனைப் பாருங்கள். 1962 பிப்ரவரியில் வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் 300ஆம் இதழில் பில் ஃபிங்கர் எழுத, ஷெல்டன் மால்டாஃப் வரைந்து அறிமுகமானவர். உடை முழுக்க வண்ணப் புள்ளிகள். ஒரு புள்ளியைப் பிய்த்தால் அது சுழலும் ரம்பமாகிவிடும். இன்னொன்றைப் பிய்த்தால் ஏறிப் பறக்கிற தட்டு. பேட்மேன் பிடித்தார், கதை முடிந்தது. அப்புறம் பல ஆண்டுகள் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

எனக்கு அந்தக் கதையில் ஒன்றுதான் மனதில் நின்றது. ஒரு திருட்டில் ஆறு புள்ளி போய்விட்டால், மறுநாள் அந்த உடையில் ஆறு வெற்றிடம் இருக்கும். அவர் வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி நாற்காலியில் போடும்போது, அந்த ஆறு இடங்களையும் பார்ப்பார். திரும்பச் செய்ய முடியுமா, இல்லை இருக்கிற புள்ளிகளோடு காலம் தள்ள வேண்டியதுதானா? இதையெல்லாம் அந்த இதழில் யாரும் கேட்கவில்லை. கேட்க இடமும் இல்லை. அப்படிக் கேட்காமல் விட்ட இடம்தான் நமக்குக் கிடைக்கிற சொத்து.

2021இல் வந்த தி சூசைட் ஸ்குவாட் படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கன் அதே புள்ளிகளை நோயாக்கினார். உடம்புக்குள் ஊறும் அவற்றை ஒவ்வொரு நாளும் வெளியேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போய்விடும். அந்த நோயைக் கொடுத்தவர் பெற்ற தாய். அதே உடை, அதே புள்ளி. கேட்ட கேள்விதான் வேறு.

கேள்வி: திருடர்களையும் கொலைகாரர்களையும் 'அவர்', 'இவர்' என்று மரியாதையாக எழுதுகிறீர்கள். வில்லனை 'அவன்' என்று எழுதுவதுதானே வழக்கம்?

பதில்: வழக்கம்தான். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஷாக்கர் என்ற ஸ்பைடர்மேன் எதிரியைப் பற்றிய கதையில் 'அவன் கதவைத் திறந்தான்' என்று எழுதியதும், அந்த வரிக்குள் ஒரு திருடன் வந்து நின்றான். திருடனுக்குத் தெரிந்ததை மட்டுமே அவன் செய்தான். அதையே 'அவர் கதவைத் திறந்தார்' என்று மாற்றினேன். உடனே வயது என்ன, எத்தனை வருடமாக இந்தத் தொழில், முழங்கால் வலிக்குமா என்றெல்லாம் யோசிக்க வேண்டி வந்தது. நம் மொழியில் ஒரு விகுதியை மாற்றினாலே ஆள் மாறிவிடுகிறார். செய்தது தப்பு என்பதை அது மறைப்பதில்லை. நீதிமன்றத் தீர்ப்பிலும் குற்றவாளியை 'அவர்' என்றுதானே எழுதுகிறார்கள்.

கேள்வி: எனக்கும் எழுத ஆசை. ஒரு வில்லன் பெயர் கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: உடையில் தொடங்குங்கள். ஆனால் அதை வேஷமாகப் பார்க்காதீர்கள், வேலைக்குப் போடுகிற துணியாகப் பாருங்கள்.

மேலே சொன்ன ஷாக்கர் 1967இல் அமேசிங் ஸ்பைடர்மேன் 46ஆம் இதழில் வந்தவர். ஸ்டான் லீயும் ஜான் ரொமிட்டாவும் உருவாக்கினார்கள். இயற்பெயர் ஹெர்மன் ஷுல்ட்ஸ். பஞ்சு மெத்தையைத் தைத்தது மாதிரி கட்டம் கட்டமான மஞ்சள் உடை. பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆனால் அவருடைய தொழில் பெட்டகம் உடைப்பது. சிறையில் இருந்த பட்டறையிலேயே அதிர்வலை வீசும் கருவியைச் செய்துகொண்டார். மணிக்கட்டில் அதை மாட்டி இயக்கினால் எதிரே இருக்கும் சுவர் மட்டுமா அதிரும்? இவருடைய எலும்பும்தான் அதிரும். அந்த அதிர்வைத் தாங்கத்தான் பஞ்சு. வெல்டிங் வைப்பவர் கண்ணாடி போடுவது மாதிரி, இது தொழில் தெரிந்த ஒருவர் தனக்குத் தானே தைத்துக்கொண்ட பாதுகாப்பு. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த உடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றியதும் கை எவ்வளவு நேரம் நடுங்கும் என்று யோசித்தேன். கதை அந்த நடுக்கத்தில் தொடங்கியது: வீட்டுக்கு வந்தபின் ஒரு சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாமல் நிற்கும் பெட்டகத் திருடர்.

சில சமயம் முதல் கதையிலேயே நல்ல விதை கிடக்கும். ஸ்டில்ட்-மேன் 1965 ஜூனில் டேர்டெவில் 8ஆம் இதழில் வந்தவர். இயற்பெயர் வில்பர் டே. வேலை பார்த்த இடத்தில் முதலாளியின் கண்டுபிடிப்பைத் திருடிக் கால்களைச் செய்தார். அதோடு நிற்காமல், தன் கண்டுபிடிப்பைத்தான் முதலாளி திருடிவிட்டார் என்று வழக்குப் போட ஒரு வக்கீலிடம் போனார். அந்த வக்கீல் மேட் மர்டாக், அதாவது டேர்டெவிலேதான்! எதிரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, யார் என்று தெரியாமல், தன் பக்கத்து நியாயத்தை விளக்குகிறார். அந்த ஒரு அறைக்குள் மட்டும் ஒரு முழுக் கதை எழுதலாம். யாராவது எழுதி அனுப்புங்கள், ஆசையாகப் படிப்பேன்.

கேள்வி: நான் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரங்களோடு வேலை செய்கிறவன். உங்கள் கதையில் எண்ணெய் கசிந்ததால் ஸ்டில்ட்-மேனின் கால் அப்படியே நின்றுவிட்டது என்கிறீர்கள். எண்ணெய் கசிந்தால் கால் நிற்காது, மேலே இருக்கும் பாரத்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். திருத்திக்கொள்வீர்களா?

பதில்: திருத்திவிட்டேன். உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். உங்கள் கடிதம் என் கதையையே காப்பாற்றியது.

பழைய வடிவத்தில் இருவரும் விடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். எப்போது முடியும் என்று தெரியாத பேச்சு. ஐந்தாம் பக்கத்தில் எனக்கே தொய்வாக இருந்தது. இப்போது பம்ப் நின்றுவிட்டது, எண்ணெய் சொட்டுகிறது, அவர் இறங்கிக்கொண்டே இருக்கிறார். இரண்டு காலும் ஒரே குழாயில் சேர்ந்தவை என்று வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்துவிடுவார்.

முதல் பக்கத்தில் அவர் கண்ணும் பாட்டியின் கண்ணும் நேருக்கு நேர். மூன்றாம் பக்கத்தில் அவர் தாடை ஜன்னல் விளிம்பைத் தொடுகிறது. பாட்டி தன் மகனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறார். முடிப்பதற்குள் தலைக்கவசத்தின் உச்சி மட்டும்தான் தெரிகிறது. பாட்டி எழுந்து, எட்டிப்பார்த்து, மீதியைக் கீழே பார்த்துச் சொல்கிறார். ஆறாம் பக்கத்தில் வேறொரு மாடி, வேறொரு ஜன்னல், விளக்கு அணைந்திருக்கிறது. மேலிருந்து குரல் மட்டும் வருகிறது. அதற்கடுத்த பக்கத்தில் அதுவும் கேட்கவில்லை. எட்டாம் பக்கத்தில் பாட்டி படியிறங்கித் தெருவுக்கு வருகிறார். யாரும் இல்லை. நடைபாதையில் எண்ணெய்த் திட்டு. அதில் செருப்புக் கால் படாமல் சுற்றிப் போகிறார்.

பேச்சுக்கு ஒரு கெடு வந்துவிட்டது. சொட்டுகிற எண்ணெய்தான் கடிகாரம். இதை நான் யோசித்துக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கருவி உண்மையில் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவரிடம் கேட்பதைப் போல உதவி வேறு கிடையாது.

கேள்வி: எட்டுப் பக்கத்தில் என்ன சொல்லிவிட முடியும்? ஹீரோ எங்கே வருவார்?

பதில்: ஏழு பக்கத்திலேயே சொல்லியிருக்கிறார் காமிக்ஸ் கலைஞர் வில் ஐஸ்னர். அவருடைய தி ஸ்பிரிட் என்ற காமிக்ஸ் தொடர் 1940 முதல் 1952 வரை ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களோடு இணைப்பாக வந்தது. 1948 செப்டம்பர் 5ஆம் தேதிக் கதையில் கெர்ஹார்ட் ஷ்னாபிள் என்று ஒரு சாதாரண மனிதர் வருகிறார். அவருக்குப் பறக்கத் தெரியும். சின்ன வயதிலிருந்து அதை மறைத்தே வாழ்ந்தவர், ஒரு நாள் உலகத்துக்குக் காட்டிவிடுவது என்று உயரமான கட்டடத்தின் உச்சிக்குப் போகிறார். அதே கூரையில் ஹீரோ ஸ்பிரிட் குற்றவாளிகளோடு துப்பாக்கிச் சண்டையில் இருக்கிறார். ஷ்னாபிள் குதிக்கிறார், பறக்கிறார். குறிதவறிய ஒரு குண்டு அவர்மீது பாய்ந்துவிடுகிறது. அவர் பறந்ததை யாருமே பார்க்கவில்லை. ஸ்பிரிட்டுக்கும் தெரியாது.

ஷ்னாபிள் வில்லன் இல்லை. ஆனாலும் சின்ன வில்லனை எழுதுகிறவர்கள் அந்த ஏழு பக்கத்தைப் பாடமாகவே படிக்கலாம். ஹீரோ தன் வேலையைத் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு ஓரமாகப் போகிறார். கதை அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் கதையில் டேர்டெவில் ஒரே ஒரு படக் கட்டத்தில், தூரத்துக் கூரையில் ஒரு சிவப்புப் புள்ளியாக வருகிறார். அதுவும் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வில்லனுக்கு ஒரு சோகத்தைக் கொடுத்துவிட்டால் அவர் செய்த குற்றம் நியாயமாகிவிடாதா? இப்போது எல்லா வில்லனுக்கும் ஒரு அழுகைக் கதை இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது.

பதில்: உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. அது தொடங்கிய இடம் நல்ல இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1959இல் பேட்மேன் 121ஆம் இதழில் மிஸ்டர் ஜீரோ என்று ஒருவர் வந்தார். குளிரில் மட்டுமே வாழக்கூடியவர், கையில் உறையவைக்கும் துப்பாக்கி. பின்னால் மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் மாறியது, மற்றபடி துப்பாக்கிதான் அவர், அவர்தான் துப்பாக்கி. 1992இல் பேட்மேன் கார்ட்டூன் தொடரில் பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற ஒரு அத்தியாயம் அவருக்கு நோரா என்ற நோயுற்ற மனைவியைக் கொடுத்தது. அவளைக் காப்பாற்றச் செய்த முயற்சி குலைக்கப்பட்ட கதை. தொடக்கத்தில் அவர் கையில் ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே நடனமாடும் பெண் பொம்மை, சுற்றிலும் பனி. அதனிடம் பேசுகிறார். இருபது நிமிடச் சொச்சம்தான், எம்மி விருதும் வாங்கியது. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழ் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

அப்புறம் வந்த பலர் குமிழை விட்டுவிட்டு இறந்த மனைவியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதில்தான் உங்களுக்கு அலுப்பு. சோகம் பொதுவானது, யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். குமிழ் அவருக்கு மட்டுமே உரியது.

சோகமும் குற்றமும் ஒன்றையொன்று கரைக்காமல் இருக்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1987இல் வந்த பேட்மேன் ஆண்டு மலர் 11. ஆலன் மூர் எழுதியது. தொட்டவர்களை உருக்கிவிடும் சாபம் கொண்ட கிளேஃபேஸ் என்கிற பிரஸ்டன் பெய்ன் ஒரு பெரிய கடைக்குள் ஒளிந்திருந்து அங்கே துணி உடுத்தி நிறுத்தியிருக்கும் பொம்மை ஒன்றைக் காதலிக்கிறார். தொட்டாலும் உருகாத ஒரே பெண். கதையை அவரே நமக்குச் சொல்கிறார். அவருக்குச் சந்தேகம் வருகிறது, பொறாமை வருகிறது, பேட்மேனையே போட்டிக் காதலனாக நினைக்கிறார். பாவமாக இருக்கிறது, அதே சமயம் பயமாகவும் இருக்கிறது. அந்த இரண்டில் எதையும் மூர் நமக்காகக் குறைத்துத் தரவில்லை.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்கிறேன். கிரேஸி குயில்ட் என்று 1946இல் பாய் கமாண்டோஸ் 15ஆம் இதழில் வந்த வில்லன் உண்டு. ஓவியர். பார்வை போய், சிகிச்சைக்குப் பிறகு பளிச்சென்ற நிறங்கள் மட்டுமே தெரிகின்றன. அவர் ஏன் ஓவியங்களைத் திருடுகிறார்? அவருக்கு உலகத்தில் தெரிகிறவை அவை மட்டும்தான் என்று வைத்து எட்டுப் பக்கம் எழுதினேன். திருடும்போது ஒரு காவலாளியை அடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிறார். படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்தக் காவலாளி என்ன ஆனார்?" என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் அந்தப் பக்கத்தை எடுக்கவே இல்லை.

பிறகு காவலாளிக்குச் சாம்பல் நிறச் சீருடை கொடுத்தேன். சாம்பல் நிறம் கிரேஸி குயில்ட்டுக்குத் தெரியாது. அவருக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை. ஏதோ தடுக்கிறது, தள்ளுகிறார். அடுத்த கட்டத்தில் தரையில் சிவப்பு பரவுகிறது. அது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. நிற்கிறார், பார்க்கிறார், ஓவியத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவருடைய குறையும் குற்றமும் இப்போது ஒரே கட்டத்தில் இருக்கின்றன. வாசகர் அவரை மன்னிப்பதா வேண்டாமா என்பதில் நான் தலையிடவில்லை.

கேள்வி: சில வில்லன்கள் வெறும் கேலிக்காகவே உருவானவர்கள். காண்டிமென்ட் கிங் போல, சாஸ் பீய்ச்சுகிறவரை எப்படி நிஜமாக எழுதுவது?

பதில்: அவர் முதலில் வந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். 1994இல் அதே பேட்மேன் கார்ட்டூன் தொடரில், தக்காளிச் சாஸும் கடுகுச் சாஸும் பீய்ச்சிக்கொண்டு வருகிறார். நிஜத்தில் அவர் ஒரு நகைச்சுவைக் கலைஞர். ஜோக்கர் அவருடைய மூளையைக் கட்டுப்படுத்தி, ஊர் சிரிக்கும்படி அந்த வேஷத்தைப் போடவைக்கிறார். சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவரை நிஜமாகவே கேலிப்பொருளாக்குகிற தண்டனை! எல்லோரும் சாஸை நினைவில் வைத்துக்கொண்டு இதை மறந்துவிட்டார்கள். அவர் மறுபடி மேடை ஏறும் முதல் இரவை எழுதுங்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் "சாஸ் எங்கே?" என்று கத்துகிறார். அங்கிருந்து கதை தன்னால் நடக்கும்.

2017இல் எழுத்தாளர் டாம் கிங் கைட்-மேனுக்குச் செய்ததும் இதைத்தான். 1960இல் வந்த, பட்டங்களை வைத்துக் குற்றம் செய்யும் வில்லன், பெயர் சார்லஸ் பிரவுன், பல இதழ்களாகச் சிரிப்புக்காக மட்டும் வந்துபோனவர். ஜோக்கருக்கும் ரிட்லர் என்ற இன்னொரு வில்லனுக்கும் நடக்கும் சண்டையில் மாட்டிக்கொண்டு மகனை இழக்கிறார். ரிட்லர் விஷம் தடவியது பட்டத்தின் நூலில். அந்த நூலால்தான் அது கைட்-மேனின் கதை.

கேள்வி: இப்படி எழுதியதை வெளியிடலாமா?

பதில்: டிசி, மார்வெல் பாத்திரங்கள் அந்த நிறுவனங்களின் சொத்து. அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நான் எழுதுபவை என் பயிற்சிக்கும் நண்பர்கள் படிப்பதற்கும்தான். அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பல சிறு பதிப்பகங்கள் அதைச் செய்யவில்லை. அதனால் உரிமை காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பழைய வில்லன்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு இதழாகச் சரிபார்த்த பிறகே தொட வேண்டும். அதைவிட நல்லது, கைப்பழக்கம் வந்ததும் சொந்தமாக ஒருவரை உருவாக்குவது.

கேள்வி: அடுத்து யாரை எழுதப் போகிறீர்கள்?

பதில்: டென்-ஐடு மேன். பத்துக் கண் மனிதர். 1970இல் பேட்மேன் 226ஆம் இதழில் வந்தவர், இயற்பெயர் ஃபிலிப் ரியர்டன், முன்னாள் ராணுவ வீரர். வெடிவிபத்தில் பார்வை போகிறது. ஒரு மருத்துவர் பார்வை நரம்புகளை விரல் நுனிகளோடு இணைத்துவிடுகிறார். பத்து விரலிலும் பார்வை. விபத்துக்குக் காரணம் பேட்மேன் என்று நினைத்துப் பழிவாங்கப் புறப்படுகிறார்.

பழிவாங்குவதை நான் எழுதப் போவதில்லை. ஒரு மாதமாகக் குறிப்பேட்டில் அவருடைய கைகளை மட்டுமே வரைந்துகொண்டிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவினால் எரியுமா? கோப்பையைப் பிடித்தால் கோப்பை மட்டும்தானே தெரியும்? தூங்குவதற்குக் கையுறை போட்டுக்கொள்வார் என்று தோன்றுகிறது. இரண்டு கையையும் மூடினால் முழு இருட்டு.

கடைசிப் பக்கம் மட்டும் முடிந்துவிட்டது. பழைய ராணுவ நண்பர் ஒருவர் வழியில் பார்த்து, கை குலுக்க வலதுகையை நீட்டுகிறார். ரியர்டன் யோசிக்கிறார். பிறகு அவரும் நீட்டுகிறார். ஐந்து கண்கள் நண்பரின் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கின்றன. இடதுகையை மெல்ல உயர்த்தி, விரல்களை விரித்து, நண்பரின் முகத்தைப் பார்க்கிறார்.